தார் முடியும் இடத்தில் விழாமல் இருக்க

இமாசலப் பிரதேசத்தில் மணாலியிலிருந்து ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்கு பைக்கில் போகிறவர்கள் அடல் சுரங்கத்தைக் கடந்ததும் வலப்பக்கம் திரும்பி, கோக்சர் வழியாக கிராம்பு என்ற இடத்தைச் சேர்வார்கள். 2020இல் திறந்த அந்த 9 கிலோமீட்டர் சுரங்கத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடும். கிராம்பு தாண்டிவிட்டால் சந்திரா நதிக்கரையில் கல்லும் மணலும் ஓடைத் தண்ணீரும்தான் சாலை. பணி நடந்துகொண்டே இருப்பதால் நடுநடுவே புதுத் தார் வரும், ஏதோ ஒரு வளைவில் சொல்லாமல் முடியும்.

அந்த வழியில் விழுந்தவர்களைத் தூக்கிவிட்டிருக்கிறேன், நானும் விழுந்து எழுந்திருக்கிறேன். நான் பார்த்தவரை கரடுமுரடான பகுதியின் நடுவில் விழுந்தவர்கள் குறைவு. தார் முடிந்த முதல் நூறு, இருநூறு மீட்டருக்குள் விழுந்தவர்களே அதிகம். டயர் சரளைக்கு வந்திருக்கும், கை மட்டும் இன்னும் தார் ரோட்டிலேயே இருக்கும்.

அட்வென்ச்சர் பைக் என்ற வகையையே தொடங்கிவைத்த பிஎம்டபிள்யூ வண்டி 1980இல் வந்தது. அதன் பெயரில் இருந்த ஜி/எஸ் என்பது ஜெர்மன் மொழியில் கரட்டு நிலம், சாலை என்ற இரண்டு சொற்களின் முதல் எழுத்துகள். இரண்டிலும் ஓடும் வண்டி என்பது வண்டியைச் செய்தவர்கள் கொடுத்த வாக்கு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வேலை ஓட்டுபவருடையது. தவறுகள் எல்லாம் அந்த மாற்றத்தில்தான் நடக்கின்றன.

ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பது

சரளையில் ஏறியதும் முன்சக்கரம் இடமும் வலமும் அலையும். பயத்தில் கை தானாக இறுகும். இதுதான் தலையாய தவறு. சக்கரம் அலைவது வண்டி கெட்டுப்போனதன் அறிகுறி இல்லை. ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் போன்ற வண்டிகளில் முன்சக்கரம் 21 அங்குலம். உருளும் சக்கரத்துக்கும் அதைத் தாங்கிச் சாய்ந்து நிற்கும் ஃபோர்க்குக்கும் தானே நேராகிக்கொள்ளும் குணம் உண்டு. ஒரு கல்லில் மோதி விலகினால் அடுத்த நொடியில் திரும்பி வந்துவிடும். நாம் கையை இறுக்கினால் அந்தத் திருத்தத்தைத் தடுக்கிறோம். கல்லின் அடி நேராகத் தோளுக்கு வருகிறது, தோள் அசைந்தால் ஹேண்டிலும் சேர்ந்து அசைகிறது, அலைச்சல் ஆட்டமாகிறது.

பிடியை முழங்காலுக்கு மாற்றுங்கள். பெட்ரோல் டேங்கை இரு தொடைகளாலும் அணைத்துக்கொண்டால் கைக்கு வேலை குறையும். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நிற்பதும் இதற்குத்தான். நின்றால் முழங்காலும் முழங்கையும் கூடுதல் சஸ்பென்ஷன் ஆகின்றன, வண்டி நமக்குக் கீழே தன் போக்கில் ஆடிக்கொள்ளும். ஆனால் நிற்கிறேன் என்று ஹேண்டில் மேல் சாய்ந்து தொங்குகிறவர்கள் பலர். அது உட்கார்ந்து ஓட்டுவதைவிட மோசம். இடுப்பில் மடிந்து, முழங்கையை வெளியே விரித்து, ஹேண்டிலிலிருந்து கையை ஒரு கணம் எடுத்தாலும் விழாத சமநிலையில் நிற்கவேண்டும். அப்படி நிற்க முடியாத அளவுக்கு ஹேண்டில் தாழ்வாக இருந்தால், மெக்கானிக்கிடம் சொல்லி ஹேண்டிலை உயர்த்தும் ரைசர் வைத்துக்கொள்ளலாம்.

வேகத்தை அதிகமாகக் குறைப்பதும் இதே பயத்தின் இன்னொரு முகம்தான். ஆமை வேகத்தில் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் முட்டி நிற்கும். இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில், சீரான ஆக்சிலேட்டரில் போகும் வண்டி கல்லின் மேல் ஏறிப் போய்விடும்.

பிரேக்: பாதி உண்மையான அறிவுரைகள்

‘சரளையில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது’ என்று டீக்கடையில் யாராவது சொல்வார்கள். அதை நம்பிப் பின் பிரேக்கை மட்டுமே மிதித்தவர் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். வண்டி நேராக இருக்கும்போது ஒரு விரல் அல்லது இரண்டு விரலால் மெதுவாக முன் பிரேக்கை அழுத்தலாம், அழுத்தத்தான் வேண்டும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போதும் வண்டி சாய்ந்திருக்கும்போதும் தொடுவதுதான் ஆபத்து. அந்த நிலையில் முன்சக்கரம் வழுக்கினால் மீட்க நேரமே கிடைக்காது. ஆகவே வளைவுக்கு முன்பே, நேர்ப்பாதையிலேயே வேகத்தைக் குறைத்து முடித்துவிடுங்கள்.

பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி பல அட்வென்ச்சர் வண்டிகளில் உண்டு. தளர்வான இறக்கத்தில் ஏபிஎஸ் பின்சக்கரத்தைப் பூட்டவிடாமல் விட்டுவிட்டுப் பிடிக்கும், வண்டி நிற்காமல் இறங்கிக்கொண்டே இருப்பது போலிருக்கும். அதனால் அணைப்பதில் நியாயம் இருக்கிறது. ஒன்றை மறக்கக் கூடாது: பல வண்டிகளில் சாவியை அணைத்துப் போட்டால் ஏபிஎஸ் தானாக உயிர்பெற்றுவிடும். டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது அது மறுபடி வேலை செய்துகொண்டிருக்கும், நமக்கு அது முதல் இறக்கத்தில்தான் தெரியும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மீட்டரில் அந்த விளக்கைப் பாருங்கள்.

குன்சும் கணவாயிலிருந்து பாத்தல் நோக்கி இறங்கும் ஊசி வளைவுகளில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும். கிளட்சைப் பிடித்தால் இன்ஜின் கொடுக்கும் இலவச பிரேக் போய்விடுகிறது. முதல் கியரில் போட்டு, கிளட்சை முழுதாக விட்டு இறங்குங்கள். பின் பிரேக் துணைக்கு வந்தால் போதும்.

உடலைச் சாய்க்கும் பழக்கம்

தார் ரோட்டில் வளைவு வந்தால் உடலும் வண்டியும் சேர்ந்து சாயும். டயருக்குப் பிடிப்பு இருப்பதால் அது சரி. சரளையில் அப்படிச் சாய்ந்தால் பளு முழுவதும் பக்கவாட்டில் தள்ளும், கல் உருண்டு டயர் நழுவும். அங்கே வண்டியை மட்டும் வளைவின் உள்பக்கம் சாய்த்து, உடலை நிமிர்ந்தே வைத்து, வெளிப்பக்கக் காலால் ஃபுட்ரெஸ்டை அழுத்த வேண்டும். ஹேர்பின்னில் காலை நீட்டிக்கொண்டே போவதும் வேண்டாம். கல்லில் பாதம் சிக்கினால் கணுக்கால்தான் முறியும்.

கண் போகும் இடத்துக்கு வண்டி போகும் என்பது இரண்டு சாலைக்கும் பொது. விளிம்பில் இருக்கும் பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கே போவீர்கள்.

காற்றும் சுமையும்

கம்பெனி சொன்ன காற்றழுத்தத்திலிருந்து 4 அல்லது 5 பிஎஸ்ஐ குறைத்தால் டயர் கொஞ்சம் பரவி கல்லைப் பிடிக்கும். ‘இன்னும் குறைத்தால் இன்னும் நல்லது’ என்று போகாதீர்கள். நம் ஊரில் ஸ்போக் சக்கர வண்டிகள் பெரும்பாலும் ட்யூப் டயர்தான். காற்று குறைந்த டயர் கூரான கல்லில் ஏறினால் ட்யூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் மாட்டி இரண்டு ஓட்டையோடு கிழியும், ரிம்மும் நெளியும்.

மலையில் பலர் அறியாத ஒரு விஷயம் உண்டு. உயரம் கூடக்கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், டயர்க் காற்றை அளக்கும் கேஜ் காட்டும் அளவு கூடும். மணாலியில் நிரப்பிக்கொண்டு 4,500 மீட்டருக்கு மேலிருக்கும் குன்சும் ஏறினால் கிட்டத்தட்ட 3 பிஎஸ்ஐ கூடும். குளிர் அதில் கொஞ்சத்தைக் குறைக்கும். 10 டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய ஒன்றரை. பிடிப்பு வேண்டிய இடத்தில் டயர் கல்லாக இருப்பது இதனால்தான். ஒரு கேஜும் சின்ன பம்ப்பும் பையில் இருக்கட்டும்.

சுமையைப் பற்றி ஒன்றே ஒன்று. பின்னால், உயரத்தில் கட்டும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தை லேசாக்கும், லேசான முன்சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காது. டூல்ஸ், தண்ணீர் போன்ற கனமானவற்றைத் தாழ்வாகவும் முன்னாலும் வையுங்கள். இரும்புப் பெட்டிகளைவிடத் துணிப் பைகளை நான் விரும்புவதற்குக் காரணம், விழும்போது கால் அடியில் மாட்டினால் பை மடங்கும், பெட்டி மடங்காது.

திரும்பித் தாருக்கு வரும்போது

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். லோசர் கிராமம் தாண்டி ஸ்பிதிப் பள்ளத்தாக்கு விரியும்போது நல்ல தார் கிடைக்கும். நாள் முழுக்கக் குலுங்கிய உடம்பு ‘அப்பாடா’ என்று ஆக்சிலேட்டரைத் திருகும். குறைத்த காற்றோடு அந்த வேகத்தில் போனால் டயர் சூடாகி, வளைவில் பிசைந்துகொண்டு நெளியும். கட்டம் கட்டமாக இருக்கும் ஆஃப்-ரோடு டயர் ஈரத் தாரில் சாதா டயரைவிடத் தள்ளித்தான் நிற்கும். பின் ஏபிஎஸ் இன்னும் அணைந்தே இருக்கும். மலை உதிர்த்த பொடிக்கல் சரியாக வளைவின் உள்பக்கத்தில் தூவிக் கிடக்கும், ஒரு லாரி இழுத்துவந்த மண் இன்னொரு இடத்தில்.

என்னோடு வந்த நண்பர் ஒருவர் 5 மணி நேரம் கல்லில் விழாமல் வந்து, தார் தொடங்கிய நாலாவது வளைவில் விழுந்தார். தோள்பட்டை எலும்பு விலகியது. காற்றும் நிரப்பவில்லை, ஏபிஎஸ்ஸும் போடவில்லை. அன்றிலிருந்து எங்கள் குழுவில், தார் தொடங்கும் இடத்தில் எல்லோரும் நிறுத்துவோம். பம்ப் கைமாறும், கேஜ் கைமாறும், சாவியை ஒருமுறை அணைத்துப் போடுவோம், தண்ணீர் குடிப்போம். 4 வண்டிக்கும் சேர்த்து 20 நிமிடம் ஆகும். அவசரம் என்று யாராவது சொன்னால் அந்த நண்பரே பம்ப்பை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுவார்.