முதல் ஐரோப்பிய ரிவர் க்ரூஸ்: கூடுதல் நாளை எங்கே வைப்பது?

ரிவர் க்ரூஸ் என்னும் ஆற்றுக் கப்பல் பயணத்துக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் கேபினில் (கப்பல் அறை) தொடங்கி விமான டிக்கெட்டில் முடிக்கிறார்கள். "இவ்வளவு தூரம் போகிறோமே, இரண்டு நாள் சேர்த்து இருந்துவிட்டு வரலாமா?" என்ற யோசனை பணம் கட்டிய பிறகுதான் வருகிறது. அதற்குள் எந்த விமான நிலையம், விசாவுக்கு எந்தத் தூதரகம் எல்லாம் முடிவாகிப்போயிருக்கும். வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் ஆறு, பிறகு மாதம், அடுத்து எந்த ஊரில் கப்பல் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்ற கணக்கு. கூடுதல் நாள் எங்கே வேண்டும் என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும். பணம் அதற்குப் பிறகுதான்.

எந்த ஆறு?

முதல் பயணத்துக்கு டான்யூப் அல்லது ரைன். டான்யூபில் ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஹங்கேரியின் புடாபெஸ்ட் வரை போகும் 7 இரவுப் பாதை பழக எளிது. லின்ஸ், மெல்க், வியன்னா, பிராட்டிஸ்லாவா என்று ஊர்கள் நெருக்கமாக வரும். மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரை சுமார் 36 கி.மீ. நீளும் வாக்காவ் பள்ளத்தாக்குதான் டெக்கில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம்.

ரைனில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசல் வரை போகும் பாதைதான் அதிகம் விற்கிறது. விளம்பரப் படங்களில் வரும் கோட்டைகளில் பெரும்பாலானவை கோப்லென்ஸுக்கும் ரூடஸ்ஹைமுக்கும் இடையிலான சுமார் 65 கி.மீ. பகுதியில்தான் இருக்கின்றன. மற்ற இடங்களில் நீண்ட நேரத்துக்கு சரக்குப் படகும் தொழிற்சாலையும்தான் கண்ணில் படும். அதனால் அந்தப் பகுதியைக் கப்பல் பகலில் கடக்கிறதா என்று கேட்டுவிட்டே புக் செய்யுங்கள். பாசல் நோக்கிப் போகும் கப்பல் நீரோட்டத்தை எதிர்த்து மெதுவாகப் போகும், பார்க்கக் கூடுதல் நேரம் கிடைக்கும்.

போர்ச்சுகலின் டூரோ ஆறு அழகுதான், ஆனால் அது வேறு மாதிரியான பயணம். அங்கே இரவில் கப்பல் ஓடாது. பெரிய நகரம் என்றால் போர்ட்டோ மட்டும். மேல்பகுதியில் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும். கரபட்டேலோ அணையின் லாக்கில் (நீரை நிரப்பியும் வடித்தும் கப்பலை ஏற்றி இறக்கும் தொட்டி) கப்பல் 35 மீட்டர் ஏறி இறங்குவதைப் பார்க்கவே போகலாம், ஆனால் இரண்டாவது பயணத்தில்.

ஒரு எச்சரிக்கை. "ப்ராக்–புடாபெஸ்ட்" என்று விற்கும் பாதையில் ப்ராக்கில் கப்பலே கிடையாது. ப்ராக் இருப்பது வல்டாவா ஆற்றங்கரையில், டான்யூபில் அல்ல. அங்கே ஹோட்டலில் தங்க வைத்து, ரெகன்ஸ்பர்க், நியூரம்பெர்க் போன்ற ஊருக்குப் பஸ்ஸில் கூட்டிவந்து கப்பல் ஏற்றுவார்கள். அந்த ஹோட்டல் நாட்கள் கட்டணத்தில் சேர்ந்தவையா, கூடுதல் பேக்கேஜா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்?

ஆற்றுக் கப்பலின் கதையைத் தீர்மானிப்பது தண்ணீர். வசந்தத்தில் நீர் ஏறினால் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது. கோடையின் கடைசியிலிருந்து அக்டோபர் வரை நீர் இறங்கினால் அடி தட்டும். 2013 ஜூனில் பாசாவில் வெள்ளம் 12.89 மீட்டரைத் தொட்டது. 2018 அக்டோபரில் ரைன் கரையிலுள்ள கௌப் ஊரின் நீர்மட்ட அளவுகோல் 25 செ.மீ. காட்டியது. அந்த எண் ஆற்றின் ஆழம் அல்ல, கப்பல் ஓடும் தடத்தில் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் நீர் இருக்கும். செய்தியில் எண்ணைப் பார்த்து ஆறே வற்றிவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஆனால் பயணம் தடைபடக்கூடும். டான்யூபில் அடிக்கடி சிக்கல் தருவது ஸ்ட்ராபிங்–வில்ஸ்ஹோபன் பகுதி. அங்கே அணை கட்டி நீரைத் தேக்கவில்லை, மழை பெய்தால்தான் ஆழம். ரெகன்ஸ்பர்க்கிலோ நியூரம்பெர்க்கிலோ தொடங்கும் கப்பல் இதைத் தாண்டியாக வேண்டும். பாசாவ் அதற்குக் கீழே இருப்பதால், அங்கே தொடங்கினால் இந்தக் கவலை இல்லை.

நீர் சரியில்லாவிட்டால் நிறுவனங்கள் பயணத்தை உடனே ரத்து செய்வதில்லை. தடைக்கு அந்தப் பக்கம் நிற்கும் இன்னொரு கப்பலுக்குப் பஸ்ஸில் கொண்டுபோய் மாற்றுவார்கள், அல்லது ஏறும் ஊரையே மாற்றுவார்கள். அதற்கான உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருப்பார்கள். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மே, ஜூன் மாதங்களைப் பொதுவாகப் பாதுகாப்பு என்பார்கள், ஆனால் பாசாவ் வெள்ளம் ஜூனில்தான் வந்தது. உறுதி யாரும் தர முடியாது.

மணிக்கணக்கு

பயணத் திட்டத்தில் "7 இரவு, 6 ஊர்" என்றிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊருக்கு ஊர் கப்பலைக் கரையில் கட்டும் நேரமும் கிளம்பும் நேரமும் கேட்டு வாங்கி ஒரு தாளில் எழுதுங்கள். வியன்னாவை எடுத்துக்கொள்வோம். கப்பல் காலை 8க்குக் கட்டி இரவு 11க்குக் கிளம்புகிறது என்றால் 15 மணி நேரம் இருப்பதுபோலத் தோன்றும். 9 முதல் 12.30 வரை குழுச் சுற்றுலா, கப்பலில் மதியச் சாப்பாடு முடிய 2.30, 7 மணிக்கு இரவுச் சாப்பாடு. பகலில் உங்கள் கையில் மிஞ்சுவது நாலரை மணி நேரம். வழக்கமாகக் கப்பல் நிற்கும் ரைஷ்ஸ்ப்ரூக்கே துறையிலிருந்து ஃபோர்கார்ட்டன்ஸ்ட்ராஸ ஸ்டேஷனுக்கு நடந்து, யு1 மெட்ரோ பிடித்தால் நகர மையமான ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ் பத்து நிமிடத்துக்குள். அந்த நாலரை மணி நேரத்தில் ஷோன்ப்ரூன் அரண்மனையோ கலை அருங்காட்சியகமோ ஒன்றைத்தான் பார்க்கலாம். இரண்டும் வேண்டுமென்றால் அங்கே ஒரு கூடுதல் நாள் தேவை.

இப்படி ஒவ்வொரு ஊருக்கும் எழுதிவிட்டு, "இது போதாது" என்று படும் ஊரில் கோடு போடுங்கள். வாக்காவிலுள்ள சின்ன ஊரான டூர்ன்ஸ்டைனுக்கு இரண்டு மணி நேரமே போதும். வியன்னா, புடாபெஸ்ட், ஆம்ஸ்டர்டாமுக்குப் பெரும்பாலும் போதாது. புடாபெஸ்டில் மட்டும் சில கப்பல்கள் இரண்டு இரவு கட்டி நிற்கும், சில ஒரே இரவுதான். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் மூன்று நாள் ஹோட்டல் போட்டு, பார்த்ததையே மறுபடி பார்ப்பவர்கள் உண்டு.

முன்னாலா, பின்னாலா?

முன்னால் ஒரு இரவு கட்டாயம். அது ஊர் பார்க்க அல்ல, காப்பீடு. கப்பல் மதியம் 3 மணி வாக்கில் ஆட்களை ஏற்றும். அன்று காலை வந்து இறங்கும் விமானம் தாமதமானாலோ பெட்டி வராமல் போனாலோ கப்பல் காத்திருக்காது, அடுத்த ஊருக்கு நீங்களே ரயில் பிடித்துப் போக வேண்டும். வழியில் விமானம் மாறி வருகிறவர்களுக்கு இரண்டு இரவு நல்லது. தூக்கக் கலக்கமும் அதில் தீரும்.

ஊர் பார்க்கும் நாட்களைப் பின்னால் வையுங்கள். அப்போது உடம்பு அந்த ஊர் நேரத்துக்குப் பழகியிருக்கும், கப்பலைத் தவறவிடும் பயமும் இல்லை. கோடு போட்ட ஊர் பாதையின் நடுவில் இருந்தாலும் கவலை வேண்டாம். புடாபெஸ்டில் இறங்கினால் வியன்னாவுக்கு ரயிலில் சுமார் 2 மணி 40 நிமிடம். பாசலிலிருந்து லூசெர்னோ ஜூரிச்சோ ஒரு மணி நேரம். பிரான்சின் ரோன் ஆற்றில் போய் லியோனில் இறங்கினால், அங்கிருந்து பாரிஸ் வேக ரயிலில் இரண்டு மணி நேரம்.

கிழமையையும் பாருங்கள். ஜெர்மனி, ஆஸ்திரியாவில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். திங்களன்று பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. ஆம்ஸ்டர்டாமின் ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கு டிக்கெட் இணையத்தில் மட்டுமே. ஆறு வாரம் முன்னால் செவ்வாய்க்கிழமைகளில் விடுவார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

விசாக் கணக்கு

ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) தேவைப்படுகிறவர்களுக்குக் கூடுதல் நாள் வெறும் செலவுக் கணக்கு அல்ல. அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாசாவ்–புடாபெஸ்ட் பயணத்தில் ஜெர்மனி 1 இரவு, ஆஸ்திரியா 4, ஹங்கேரி 2 என்று வந்தால் ஆஸ்திரியா. புடாபெஸ்டில் 3 இரவு சேர்த்தால் ஹங்கேரி 5 ஆகி, விண்ணப்பமே வேறு இடத்துக்குப் போகும். சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது.

கீழ் டான்யூபில் செர்பியா வழியாகப் போகும் கப்பலுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. செர்பியா ஷெங்கனில் இல்லை. அடுத்து வரும் பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரியிலிருந்து முழுமையாக உள்ளே. ஆக, வெளியே போய் மறுபடி நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா அங்கே உதவாது.

ஹோட்டலும் கேபினும்

கூடுதல் நாளைக் கப்பல் நிறுவனத்திடமே வாங்கினால் விலை கூடுதல்தான். ஆனால் ஏறும் ஊர் மாறினால் உங்களையும் பெட்டியையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பாடு. நீங்களே போடுவதென்றால் கடைசி நேரம்வரை ரத்து செய்யக்கூடிய அறையாக மட்டும் எடுங்கள். முன்னால் உள்ள இரவை நிறுவனத்திடமும் பின்னால் உள்ளதைத் தனியாகவும் எடுப்பது நல்ல சமரசம்.

கேபினில் பணத்தைக் கொட்ட வேண்டாம். மேல்தளத்துக்கும் நடுத்தளத்துக்கும் காட்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. கூட்டமான துறைகளில் கப்பல்களை அடுத்தடுத்து ஒட்டிக் கட்டுவார்கள்; அப்போது எந்தப் பால்கனியிலிருந்தும் தெரிவது பக்கத்துக் கப்பலின் திரைச்சீலைதான். கீழ்த்தளத்தில் ஜன்னல் கூரையை ஒட்டி இருக்கும், திறக்காது. தூக்கம் லேசானவர்கள் இஞ்சின் இருக்கும் பின்பக்கத்தைத் தவிர்க்கவும். மிச்சமாகும் பணத்தில் இரண்டு ஹோட்டல் இரவு வரும்.

கடைசி நாள் காலை பெட்டியைச் சீக்கிரமே வெளியே வைக்கச் சொல்வார்கள், 9 மணிக்குள் கேபினைக் காலி செய்ய வேண்டும். ஹோட்டலிலோ பிற்பகல்தான் அறை தருவார்கள். முதல் நாளே ஹோட்டலுக்கு எழுதி, காலையில் பெட்டியை வைத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஐந்தாறு மணி நேரம் கல் பாவிய தெருவில் பெட்டியை இழுத்துக்கொண்டே கழியும்.