ஆரி வேலைப் பொருள்களைச் சேமிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொக்கி ஊசியால் துணியில் நூலும் மணியும் தைக்கும் ஆரி வேலையை வீட்டிலிருந்தே செய்பவர்கள், பொருள்கள் சேரத் தொடங்கியதும் முதலில் அழகான டப்பாக்களைத்தான் வாங்குகிறார்கள். நிறவாரியாகப் பிரித்துக் கண்ணாடி அலமாரியில் அடுக்கிவிட்டால் வேலை முடிந்ததாக எண்ணம். ஆனால் பட்டு நூலை வெளுக்கச் செய்யும் வெயில் ஊசியை ஒன்றும் செய்வதில்லை. ஊசியைத் துருப்பிடிக்க வைக்கும் ஈரம் பிளாஸ்டிக் சமிக்கியைத் தொடுவதில்லை. எதற்கு எது ஆகாது என்று பாராமல், பார்வைக்கு எது நன்றாக இருக்கிறது என்று பார்த்து அடுக்குவதிலிருந்தே பெரும்பாலான சேதங்கள் தொடங்குகின்றன.

அதிகம் வீணாவது ஜரிகை. அசல் ஜரிகையில் வெள்ளியும், இமிட்டேஷன் ஜரிகையில் வெள்ளி முலாம் பூசிய செம்பும் இருக்கின்றன. இரண்டு உலோகங்களுமே கந்தகம் பட்டால் கறுத்துப்போகும். ரப்பர் பேண்டில் கந்தகம் இருப்பது பலருக்குத் தெரியாததால், கண்டு அவிழாமலிருக்க அதைத்தான் சுற்றிவைக்கிறார்கள். சில மாதங்கள் கழித்து எடுத்துப் பார்த்தால் ரப்பர் இருந்த இடத்தில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு தெரியும். மேல்சுற்றைக் கழித்துவிட்டால் போதும் என்று தோன்றும்; ஆனால் கறை பல சுற்றுகளில் ஒரே இடத்தில் படிந்திருப்பதால், தைக்கும்போது குறிப்பிட்ட இடைவெளியில் கறுப்புப் புள்ளி வந்துகொண்டே இருக்கும். ரப்பருக்குப் பதிலாகப் பருத்தி நூலால் கட்டி, பருத்தித் துணியில் சுற்றி வைப்பதே பாதுகாப்பானது. பாலியஸ்டர் படலத்தால் ஆன மெட்டாலிக் நூலுக்கு இந்தத் தொல்லை குறைவுதான். என்றாலும் எது எந்த வகை என்று உறுதியாகத் தெரியாதபோது எல்லாவற்றையும் அசலைப் போலவே நடத்துவது நல்லது.

பட்டுத் துணிக்குப் பாதுகாப்பு என்று பாச்சை உருண்டையை ஜரிகையோடும் மணியோடும் சேர்த்துப் போடுவது இன்னொரு பழக்கம். உருண்டை நேராகப் பட்டால் ஜரிகை மங்கும். சிலவகைக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டப்பாக்கள் அதன் ஆவியால் இளகிப் பிசுபிசுக்கவும் செய்யும். போட்டே ஆகவேண்டுமென்றால், துணியில் முடிந்து பீரோவின் மேல்தட்டில், எதன்மீதும் படாமல் வைக்க வேண்டும். ஜர்தோசியை அட்டையில் சுற்றிவைப்பதும் தவறே. அது ஸ்பிரிங் போல் சுருட்டிய கம்பி. ஒருமுறை இழுபட்டு நெளிந்துவிட்டால் பழைய நிலைக்கு வராது. வாங்கிய நீளத்திலேயே, மேலே கனம் ஏறாமல், தட்டையாகக் கிடத்தி வைக்க வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றில் ஈரம் கூடுகிறது. அப்போது பொருள்களைக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு மூடிவிட்டால் உள்ளேயே ஈரமும் சிறைப்படும். வெயிலடிக்கும் நாளில் டப்பாவைத் திறந்து உலரவிட்டு, பிறகு மூடுவதே முறை. ஈரத்தை இழுக்கட்டும் என்று சிலர் ஒரு பிடி அரிசியைப் போட்டுவைக்கிறார்கள்; அது வண்டை அழைத்து வருவதுதான் மிச்சம். சிலிக்கா ஜெல் பொட்டலம் பயன்படும், ஆனால் செருப்புப் பெட்டியில் கிடந்ததை எடுத்துப் போட்டால் அது முன்பே ஈரம் குடித்து நிறைந்திருக்கலாம். நீல நிறமுள்ள வகை ஈரமேறினால் இளஞ்சிவப்பாகும் என்பதால், அதைப் பார்த்து மாற்றிக்கொள்ள முடியும்.

அறைகள் கொண்ட மணி டப்பா வாங்கும்போது மூடி தடுப்புகளின்மீது ஒட்டி அமர்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. சுகர் பீட்ஸ் எனப்படும் பொடி மணிகள் ஏறத்தாழ 2 மி.மீ. அளவே உள்ளவை, தடுப்புக்கும் மூடிக்கும் இடையில் அந்த இடைவெளி இருந்தால், டப்பாவைச் சாய்த்தவுடன் பச்சையும் சிவப்பும் கலந்துவிடும், பிரித்தெடுக்க ஒரு முழு மாலை போய்விடும். ஓர் அறையில் கொஞ்சம் கடுகைப் போட்டு மூடிக் கவிழ்த்துப் பார்த்தால் டப்பாவின் தரம் தெரிந்துவிடும். உட்புறம் வெள்ளிப் பூச்சுள்ள கண்ணாடி மணிகள் ஈரத்தில் உள்ளுக்குள் கறுக்கக்கூடியவை, ஆகவே அவற்றைத் தனியாக வைப்பது நல்லது.

பட்டு நூலின் சீட்டைக் கிழித்தெறிவது சிறிய தவறாகத் தோன்றலாம். ஆனால் அதிலுள்ள ஷேடு எண் (நிறத்தைக் குறிக்கும் எண்) இல்லாவிட்டால், ரவிக்கையின் ஒரு கை முடிந்து மறு கைக்கு நூல் போதாமல் போகும் நாளில், கடைக்காரரிடம் கண்ணளவில்தான் கேட்க வேண்டியிருக்கும். கடையின் விளக்கொளியில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு மெரூன்கள் வீட்டு வெளிச்சத்தில் வேறாகிவிடும். நிறம் வெளுக்காமலிருக்க நூல்களை ஜன்னலோர அலமாரியில் வைக்காமலிருப்பதும் அவசியம்.

பாதியில் நிற்கும் ரவிக்கையை இழுத்துக் கட்டிய ஃப்ரேமிலேயே வாரக்கணக்கில் விட்டுவிட்டால் பட்டில் தடம் விழும். இழுவையைத் தளர்த்தி, மேலே பருத்தித் துணி போர்த்தி வைக்க வேண்டும். அதற்கான மிச்ச நூல், கல், மணி ஆகியவற்றை ஒரே பையில் போட்டு வாடிக்கையாளர் பெயரையும் கொடுக்க வேண்டிய தேதியையும் எழுதிவைத்தால், பொதுக் கையிருப்பிலிருந்து எடுத்துச் செலவாகிப்போகும் ஆபத்தும் இல்லை. துணியில் ஒட்டப் பயன்படும் ஃபேப்ரிக் கம் பாட்டிலை, மூக்கைத் துடைத்து மூடி, நிமிர்த்தி, அடுப்பிலிருந்தும் பூஜை விளக்கிலிருந்தும் தள்ளி வைக்கவும். ஆரி ஊசிகளைத் தக்கையிலோ மூடியுள்ள குழாயிலோ செருகி வைக்காமல் நூல்கண்டிலேயே குத்திவைத்தால், கொக்கி நூலின் இழைகளைக் கிழிக்கும்; தேடும் கையையும் குத்தும்.