உலோகத் தகட்டில் ஓவியப் பிரதி: ஆர்டர் கொடுக்கும் முன்

தகட்டின் தரத்தைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள். பிரதி சொதப்புவது பெரும்பாலும் படக் கோப்பில்தான். 75 × 60 செ.மீ. பிரதிக்கு, அங்குலத்துக்கு 150 பிக்சல் என்று வைத்தாலும் ஏறக்குறைய 4,430 × 3,540 பிக்சல் தேவை. கோப்பைத் திரையில் நூறு சதவீத அளவில் திறந்து பாருங்கள். தூரிகைத் தடம் தெரிந்தால் சரி. கட்டங்களோ மழுங்கலோ தெரிந்தால் எந்தத் தகடும் அதைக் காப்பாற்றாது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியம், நியூயார்க் மெட் (மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம்) போன்றவை காப்புரிமை முடிந்த பல ஓவியங்களின் பெரிய கோப்புகளை இலவசமாகவே தருகின்றன.

அடுத்தது விகிதம். வான்கோவின் 'நட்சத்திர இரவு' (1889) 92.1 × 73.7 செ.மீ.; அதாவது 5:4. அதை 90 × 60 தகட்டில் நிரப்பினால் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். மேல் விளிம்பை ஒட்டி நிற்கும் சைப்ரஸ் மரத்தின் உச்சியோ, கீழே உள்ள கிராமமோ வெட்டுப்படும். 75 × 60 என்றால் எதுவும் போகாது. ஆர்டரை உறுதி செய்யும் முன் வெட்டிய மாதிரிப் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அச்சு முறையையும் கேளுங்கள். சப்ளிமேஷனில் சுமார் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சாயம் அலுமினியத்தின் மேற்பூச்சுக்குள் இறங்கிவிடும். யுவி அச்சில் (புற ஊதா ஒளியில் மையை உலர்த்தும் முறை) மை மேலேயே நிற்பதால் கீறல் சுலபமாக விழும். இரண்டையும் 'மெட்டல் பிரின்ட்' என்றே விற்பார்கள்.

பெரும்பாலான ஓவியங்களுக்கு வெள்ளை அடித்தளமே நல்லது. உலோகமே தெரியும் வெள்ளி அடித்தளத்தில் வெள்ளை மை இல்லாவிட்டால், படத்தின் வெண்மை எல்லாம் உலோகச் சாம்பல் நிறமாகிவிடும். ஆஸ்திரிய ஓவியர் க்ளிம்ட்டின் பொன்னிற ஓவியங்களுக்கு மட்டும் அது சில சமயம் அழகாகப் பொருந்தும்.

பளபளப்புப் பூச்சில் நிறம் ஆழமாகத் தெரியும். ஆனால் வெர்மீரின் 'முத்துத் தோடு அணிந்த பெண்' போன்ற இருண்ட பின்னணி ஓவியத்தை ஜன்னலுக்கு எதிரே மாட்டினால், தெரிவது உங்கள் முகமும் ஜன்னலும்தான். அங்கே மேட் (பளபளப்பில்லாத) பூச்சு போதும். நேரடி வெயில் படும் சுவர் எந்தப் பூச்சுக்கும் ஆகாது, சாயம் வெளிறும்.

சுமார் 1.1 மி.மீ. தடிமனுள்ள 90 × 60 தகடு 1.6 கிலோ அளவில்தான் இருக்கும். பின்கட்டை (பின்புறம் ஒட்டும் மாட்டும் சட்டம்) எடை தனி. ஜிப்சம் சுவரானால் ஆங்கர் (திருகைப் பிடிக்கும் சுவர்ச் செருகி) போட்டே மாட்டுங்கள். பார்சல் வந்ததும் மூலைகள் மடங்கியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பாதுகாப்பு பிலிம் இருந்தால் உரித்து, கீறலுக்காகச் சாய்வான வெளிச்சத்தில் ஒருமுறை சரிபாருங்கள். துடைக்க மைக்ரோஃபைபர் துணி போதும்; அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் வேண்டாம்.