ஏற்காட்டில் நடக்கப் போகிறீர்களா? தண்ணீர் பாட்டிலுக்கு டியூப் பொருத்தும் முறை

பையைக் கழற்றணும், பாட்டிலை உருவணும், மூடியைத் திருகணும். இந்தச் சோம்பலிலேயே பலர் மலையில் தண்ணீர் குடிப்பதில்லை. அதிலும் ஏற்காட்டுக் குளிரில் தாகம் தெரியாது. கிளியூர் அருவிக்கு இறங்கிவிட்டுத் திரும்ப ஏறும்போதுதான் நாக்கு வறளும். தோள்பட்டை வழியாக ஒரு டியூப் வாய்க்குப் பக்கத்தில் தொங்கினால், நடந்தபடியே இரண்டு மடக்கு குடித்துக்கொள்ளலாம்.

1. பையா, பாட்டிலா?

‘பிளாடர்’ என்கிற தண்ணீர்ப் பை முதுகுப் பைக்குள் அடங்கிவிடும். ஆனால் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க முடியாது, நிரப்ப மூட்டையைப் பிரிக்க வேண்டும், கழுவுவதும் பெரும்பாடு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் ஓட்டு பாட்டிலுக்குத்தான். மூடிக்குப் பதிலாகத் திருகும் டியூப் செட்டை வாங்கி, பாட்டிலைப் பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டில் நிமிர்த்தி வைத்தால் போதும்.

2. மரையைப் பாருங்கள்

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. சோடா, கோலா பாட்டில்களின் கழுத்து பொதுவாக 28 மில்லிமீட்டர். சாதாரணக் குடிநீர் பாட்டில்கள் பலவற்றின் மரை வேறு மாதிரி. திருகினால் உட்கார்ந்த மாதிரி இருக்கும், சாய்த்தால் ஒழுகும். அதனால் 28 மில்லிமீட்டர் செட் வாங்கினால் காலி சோடா பாட்டிலே நல்ல ஜோடி, கெட்டியாகவும் இருக்கும். அகல வாய் டிரெக்கிங் பாட்டிலில் 63 மில்லிமீட்டர் என்ற அளவு பிரபலம்.

எவர்சில்வர் பாட்டிலை விடச் சொன்னால் சேலத்துக்காரர்களுக்குக் கோபம் வரும். ஆனால் அதில் மரை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உள்ளே எவ்வளவு தண்ணீர் என்றும் தெரியாது.

3. காற்று உள்ளே வர வழி

தண்ணீரை உறிஞ்சினால் அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வழி இல்லையென்றால் மெல்லிய பாட்டில் நசுங்கும். கெட்டி பாட்டிலில் சில மடக்குக்குப் பிறகு எவ்வளவு இழுத்தாலும் வராது. எனவே மூடியில் காற்றை உள்ளே மட்டும் விடும் சின்ன வால்வு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வெறும் ஊசித் துளை போட்டாலும் வேலை செய்யும், ஆனால் பை சாய்ந்தால் துணி நனையும்.

வால்விலும் ஒரு சிக்கல் உண்டு. சேலம் நகரம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி மேலே போவதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் எட்டில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். கீழே சேலத்திலேயே பாட்டிலுக்குள் அடைபட்ட காற்றுக்கு வெளியேற வழி இல்லை. அது தண்ணீரைத் தள்ளும். டியூப் நுனியைக் கடித்ததும் முகத்தில் பீய்ச்சும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூடியை ஒருமுறை தளர்த்தி இறுக்குங்கள்.

4. டியூப்பின் நீளமும் துளையும்

பாட்டில் மூடியிலிருந்து தோள் வழியாக மார்பு வரை ஒரு கயிற்றால் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கும். உள்துளை 6 மில்லிமீட்டர் இருக்கட்டும். துளை பாதியானால் அதே வேகத்தில் தண்ணீர் வர 16 மடங்கு அழுத்தம் வேண்டும், அதனால் குளுக்கோஸ் ஏற்றும் டியூப்பை வைத்து முயலாதீர்கள். கொத்தனாரின் லெவல் டியூப்பும் வேண்டாம். அது குடிநீருக்காகச் செய்தது அல்ல. உணவுத் தர சிலிக்கான் என்று கேளுங்கள்.

பாட்டிலுக்குள் இறங்கும் துண்டு அடியைத் தொட வேண்டும். நுனியைச் சாய்வாக வெட்டிவிடுங்கள், நேராக வெட்டினால் அடியில் ஒட்டி அடைத்துக்கொள்ளும்.

5. வாய்ப் பகுதி

கடித்தால் திறக்கும் ‘பைட் வால்வு’தான் வழக்கம். அதோடு திருகி மூடும் பூட்டும் இருந்தால் நல்லது, பையைக் கீழே வைக்கும்போது வால்வு நசுங்கி ஒழுகாது. டியூப்பைப் பையின் பட்டையோடு கிளிப் போட்டு நிறுத்துங்கள். மலைப்பாதைக் குரங்குகள் ஆடுகிற எதையும் இழுத்துப் பார்க்கும்.

6. வீட்டிலேயே சோதனை

பாட்டிலை நிரப்பி, பையில் வைத்து மாடிப்படி ஏறி இறங்குங்கள். பிறகு பையைப் பழைய செய்தித்தாள் மேல் படுக்க வைத்து அரை மணி நேரம் விடுங்கள். ஈரம் தெரிந்தால் முதலில் மரையையும் வாஷரையும் பாருங்கள்.

வெயிலில் டியூப்புக்குள் நிற்கும் தண்ணீர் சூடாகும். குடித்து முடித்ததும் லேசாக ஊதி, அதைப் பாட்டிலுக்கே திருப்பி அனுப்பிவிடலாம்.

7. கழுவுதல்

டியூப்பில் வெறும் தண்ணீர் மட்டும். நன்னாரி சர்பத், எலுமிச்சை ஜூஸ், ஓ.ஆர்.எஸ். கரைசல் எல்லாம் தனி பாட்டிலில் இருக்கட்டும். சர்க்கரை பட்ட டியூப்பில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். வீடு திரும்பியதும் சோப்புத் தண்ணீரை டியூப் வழியாக ஓடவிட்டு, நன்றாக அலசி, பைட் வால்வைக் கழற்றித் தனியாகத் தேய்த்து, டியூப்பைக் கொடியில் இரு முனையும் தொங்கும்படி காயப் போடுங்கள். உள்ளே கரும்புள்ளி விழுந்து, தேய்த்தும் போகவில்லை என்றால் டியூப்பை மட்டும் மாற்றினால் போதும்; மூடியும் வால்வும் நீண்ட நாள் உழைக்கும்.