ஐஐடி போகும் நெல்லைப் பிள்ளைகள் முதல் வருசத்தில் செய்யக் கூடாதவை

அம்பாசமுத்திரம், வள்ளியூர், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளைக்குச் சென்னை ஐஐடியில் இடம் கிடைத்துவிட்டால் தெருவே சொல்லி அனுப்பும் வார்த்தை ஒன்று உண்டு: "உள்ள போய்ட்டல்லாலே, இனி என்ன கவலை!" முதல் தவறு இந்த வார்த்தையை நம்புவது. ஜேஇஇ நுழைவுத் தேர்வுக்காக ரெண்டு வருசம் தூக்கம் கெட்டவனுக்கு ஓய்வு வேண்டும்தான். அதை வகுப்பு தொடங்குமுன்பே வீட்டில் எடுத்துக்கொள்ளட்டும். பயிற்சி வேலையான இன்டர்ன்ஷிப்புக்குக் கம்பெனிகள் ஆள் எடுக்க வருவது மூன்றாம் வருசத் தொடக்கத்தில். அப்போது கையில் இருப்பது நாலு செமஸ்டர் சிஜிபிஏ, அதாவது கிரேடு புள்ளிகளின் சராசரி. அதில் பாதி முதல் வருசத்தில் வாங்கியது. "முதல் வருசம் சும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று விடுதியில் எந்த அண்ணன் சொன்னாலும், அவருடைய சிஜிபிஏ என்ன என்று கேட்டுவிட்டுத் தலையாட்டலாம்.

அடுத்தது மதிப்பெண்ணைப் பள்ளிக்கூடக் கண்ணால் பார்ப்பது. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியே பழகிய பிள்ளை முதல் குவிஸில் (செமஸ்டர் நடுவே வைக்கும் தேர்வு) 50க்கு 19 வாங்கினால் உடைந்துபோகிறது. அங்கே பெரும்பாலும் வகுப்பு எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்துத்தான் கிரேடு போடுவார்கள். வகுப்பின் சராசரி 15 என்றால் 19 நல்ல மதிப்பெண். சராசரி 40 என்றால் 38 வாங்கியவன் சந்தோசப்படுவதற்கில்லை. எஸ் கிரேடுக்கு 10 புள்ளி, ஏ-க்கு 9, பி-க்கு 8, சி-க்கு 7, டி-க்கு 6, ஈ-க்கு 4. யு வந்தால் பாடம் போச்சு. ஆகவே விடைத்தாள் கைக்கு வந்ததும் முதலில் விசாரிக்க வேண்டியது வகுப்புச் சராசரியை. அதற்குமுன் அழவும் வேண்டாம், வீட்டுக்கு அல்வா வாங்கச் சொல்லவும் வேண்டாம்.

வருகைப்பதிவு விசயத்தில் நம்மூர்ப் பிள்ளைகளுக்குத் தனிச் சிக்கல் இருக்கிறது. ஒரு பாடத்துக்கு 85 சதவீதம் வருகை வேண்டும். குறைந்தால் டபிள்யூ கிரேடு, செமஸ்டர் பரீட்சை எழுத முடியாது. வாரம் 4 வகுப்பு, 14 வாரம் என்று வைத்தால் மொத்தம் 56. விடக்கூடியது 8 வகுப்புதான். நம் நாட்காட்டியோ ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில், புரட்டாசியில் குலசை தசரா, நடுவில் குலதெய்வத்துக்குக் கொடை, ஒன்றுவிட்ட அக்கா கல்யாணம் என்று நீளும். வெள்ளி சாயங்காலம் ரயிலேறி, செவ்வாய்க்கிழமை காலையில் எழும்பூரில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினால், ஒரே பயணத்தில் நாலைந்து பாடங்களில் வகுப்பு போயிருக்கும். எதற்குப் போவது, எதற்குப் போகாமல் இருப்பது என்று செமஸ்டர் தொடக்கத்திலேயே வீட்டில் பேசி முடிவு செய்துவிட வேண்டும். காய்ச்சலுக்கென்று இரண்டு மூன்று வகுப்பாவது மிச்சம் வைக்க வேண்டும். கொடைக்கு வராவிட்டால் சாமி கோபிக்காது. சித்தப்பாதான் கோபிப்பார், அவரைச் சமாளித்துக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம்விட அதிகமாகப் பிள்ளைகளைச் சாய்ப்பது, கேட்காமல் இருப்பது. நம் பள்ளிகளில் சந்தேகம் கேட்பவன் படிக்காதவன், கேட்காமல் இருப்பவன் புத்திசாலி என்று ஒரு பழக்கம் ஊறியிருக்கிறது. அதோடு தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் வாய் திறக்கக் கூச்சம். பக்கத்து அறைக்காரன் ராஜஸ்தானின் கோட்டா நகரத்தில் ஜேஇஇ பயிற்சி எடுத்து வந்தவன், எதிரறைக்காரன் ஹைதராபாத்காரன், ரெண்டு பேரும் எல்லாம் தெரிந்ததுபோலப் பேசுவார்கள். பாதி தெரியாது அவர்களுக்கும். கூச்சப்படும் பிள்ளை முதல் குவிஸ் வரை ஒரு மாதம் தலையாட்டிக்கொண்டே இருந்துவிடுகிறது. அதற்குள் பாடம் நாலு படி மேலே போய்விடும்.

கேட்பதற்குப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை. கணக்குப் போட்டுப் பழகும் டுடோரியல் வகுப்பில் டி.ஏ.வாக (பேராசிரியருக்கு உதவும் மூத்த மாணவர்) இருப்பவரிடம் நோட்டைக் காட்டி, "இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது?" என்று கேட்டால் போதும். பேராசிரியருக்கு மூன்று வரியில் மின்னஞ்சல் எழுதினால் பெரும்பாலும் நேரம் ஒதுக்கித் தருவார். முன்னால் நிற்கவே பயம் என்றால் நாலு பேராகப் போகலாம். ஒவ்வொரு மாணவருக்கும் வழிகாட்டும் பேராசிரியராக ஃபேகல்டி அட்வைசர் ஒருவர் இருப்பார். கையெழுத்து வாங்க மட்டும் அவரிடம் போவது பெரிய வீண். பாடம் கையை விட்டுப் போகிறது என்பதை செப்டம்பரில் சொன்னால் வழி இருக்கும். நவம்பரில் சொன்னால் அவரும் என்ன செய்வார்?

வீட்டுக்குப் பேசும்போதும் இதே மௌனம்தான். "நல்லா இருக்கேம்மா, சாப்டாச்சு" என்று ரெண்டே சொல்லில் போனை வைத்துவிடுகிறார்கள். பெற்றோர் பங்கும் இதில் உண்டு. எடுத்ததும் "எத்தன மார்க்கு?" என்று கேட்டால் பிள்ளை பொய்தான் சொல்லும். யாரோடு சாப்பிட்டாய், ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று கேளுங்கள். நிலைமை அதிலேயே தெரிந்துவிடும். வளாகத்திலேயே மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். வெளியே பேச வேண்டுமென்றால் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. மனசு சரியில்லை என்று சொன்னால் ஊரில் கெட்ட பெயர் வரும் என்று நினைக்கிற வீடுகள்தான் இந்த எண்ணை முதலில் எழுதி வைக்க வேண்டும்.

பண விசயம். பி.டெக் டியூசன் கட்டணம் வருசத்துக்கு 2 லட்சம். குடும்ப வருட வருமானம் 1 லட்சத்துக்குள் இருந்தால் முழுக் கட்டணமும் தள்ளுபடி. 1 முதல் 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு முழுவதும் தள்ளுபடி. வருமானச் சான்றிதழைக் கடைசி வாரத்தில் தேடாமல், முடிவு வந்த உடனே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும். தாலுகா ஆபீஸ் நம் அவசரத்துக்கு ஓடாது.

பைக் வாங்கித் தருகிறேன் என்று அப்பா சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வளாகத்துக்குள் மாணவர்கள் மோட்டார் வண்டி ஓட்ட விடமாட்டார்கள், பழைய சைக்கிள் போதும். ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு வகுப்புக்குப் போனால் முறுக்கு டப்பா குரங்குக்கு. விடுதிகளுக்கெல்லாம் நதிகளின் பெயர், தாமிரபரணி என்றும் ஒன்று இருக்கிறது. அதே வேண்டும் என்று யாரையும் கேட்டு அலைய வேண்டாம், ஒதுக்கியதுதான்.

டிக்கெட்டுக்கு முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். தீபாவளி, பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸும் பொதிகையும் காலை 8 மணிக்குத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே நிரம்பிவிடும். தட்கலை நம்பினால் முந்தைய நாள் ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. அது வகுப்பு நேரம்.