ப்ரீஆம்ப் வாங்கும் முன் மைக்கைத் தலையணையில் சுற்றுங்கள்

பதிவில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரைச்சல் கேட்டதும் நாம் தேடுவது புது ப்ரீஆம்ப் (மைக்கிலிருந்து வரும் சன்னமான ஒலியைப் பெருக்கும் கருவி) என்ன விலை என்பதைத்தான். நானும் 400 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) ஒன்றை வாங்கி மாட்டினேன். கோலாலம்பூர் செந்தூல் ஃபிளாட்டில் தலைக்கு மேல் ஓடும் காத்தாடி முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது, அவ்வளவுதான் நடந்தது.

அதனால் காசை எடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். வழக்கமான கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, தொடாமல், மைக்கைத் தலையணையில் நன்றாகச் சுற்றி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, 10 விநாடி பதியுங்கள். இரைச்சல் அடங்கிவிட்டால் குற்றவாளி உங்கள் அறை: காத்தாடி, ஏர்கோன், ஐஸ்பெட்டி, கீழே போகும் மோட்டார் சைக்கிள். எந்த ப்ரீஆம்பும் இதைக் குறைக்காது, குரலோடு சேர்த்து இதையும்தான் பெருக்கும். அதே ‘ஸ்ஸ்ஸ்’ அப்படியே இருந்தால் ப்ரீஆம்பைச் சந்தேகப்படலாம் (கண்டென்சர், அதாவது மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் மைக் என்றால் அது மைக்கின் சொந்த இரைச்சலாகவும் இருக்கலாம்). ‘ம்ம்ம்’ என்று முனகினால் அது கரண்ட், இங்கே மலேசியாவில் 50 ஹெர்ட்ஸ். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாட்டரியில் ஒருமுறை பதிந்து பாருங்கள்.

அடுத்து தூரம். வாய்க்கும் மைக்குக்கும் 20 செ.மீ. இருப்பதை 10 ஆக்கினால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் ஏறும், அந்த அளவுக்குக் கெயினைக் குறைக்கலாம், அறைச் சத்தமும் கூடவே இறங்கும், ஒரு காசு செலவில்லை. ‘ப’ சொல்லும்போது மூச்சுக்காற்று பட்டு வெடித்தால் மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள்.

சரி, உண்மையிலேயே ப்ரீஆம்ப் யாருக்குத் தேவை? குரலைச் சன்னமாக அனுப்பும் டைனமிக் மைக் (பொதுவாக மின்சாரம் கேட்காத வகை) வைத்திருப்பவர்களுக்கு. ஷூர் எஸ்எம்7பி என்ற மைக் கிட்டத்தட்ட 60 டெசிபல் கெயின் கேட்கும். பல மலிவான இன்டர்ஃபேஸ்களில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) திருகைக் கடைசிவரை திருப்பினாலும் அது எட்டாது, எட்டினாலும் அந்தக் கடைசிக் கால்வட்டத்தில்தான் பெரும்பாலும் இரைச்சல் குபுக்கென்று ஏறும். அப்போது கிளவுட்லிஃப்டர் மாதிரி ஒரு சின்னப் பெட்டியை மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் போட்டால் 25 டெசிபல்வரை கிடைக்கும். அது இன்டர்ஃபேஸ் மைக் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரத்தில் ஓடும், ஆனால் அந்த மின்சாரத்தை மைக்குக்கு விடாது, எனவே கண்டென்சரோடு மாட்டி ‘வேலை செய்யவில்லை’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஃபேன்டமைப் போடும் முன் கெயினை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஹெட்ஃபோனில் ‘டப்’ என்று காதைப் பிளக்கும்.

கெயின் வைப்பது எளிது. பதியும் மென்பொருளில் 24 பிட் தரத்தை வைத்து, நீங்கள் பேசப்போவதிலேயே சத்தமான வரியைப் பேசி, ஒலியளவு காட்டியில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி வையுங்கள். சிவப்பு எரியக் கூடாது.

அப்புறம் இந்த ஊர் வெக்கை. ஏர்கோனை அரை மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, 15 நிமிடம் பதிந்து, வேர்க்கத் தொடங்கியதும் மறுபடி போடுகிறேன். காத்தாடிப் பக்கம் போவதே இல்லை.