நீச்சல்குளத்துக்கு மருந்து போடுவது எப்படி? முதலில் பிஹெச், அப்புறம்தான் குளோரின்

குளத்துப் பக்கம் போனாலே குளோரின் வாடை தூக்கி அடித்தால், மருந்து ஜாஸ்தியாகிவிட்டது என்றுதான் பலரும் நினைப்பார்கள். பெரும்பாலும் விஷயம் நேர்மாறு. வேர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து குளோரமைன் உண்டாகிறது. வாடைக்கும் கண் எரிச்சலுக்கும் அதுதான் காரணம். கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் குறைந்துவிட்டது என்று பொருள். ஆகவே மூக்கை நம்பாமல் டெஸ்ட் கிட் வாங்குங்கள். மஞ்சள் நிறம் காட்டும் சாதா கிட் மொத்தக் குளோரினை மட்டும்தான் சொல்லும். இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி கிட், கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரினைத் தனியாகக் காட்டும்.

1. கொள்ளளவு: நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, 1000-ஆல் பெருக்கினால் லிட்டர். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர் என்றால் 60,000 லிட்டர். பம்ப் அறைச் சுவரில் எழுதி வையுங்கள், அடிக்கடி தேவைப்படும்.

2. சோதனை: மேல்மட்டத் தண்ணீரை அள்ளாதீர்கள். முழங்கை நனையும் ஆழத்தில் எடுங்கள். பிஹெச் (தண்ணீரின் அமில, கார அளவு) 7.2 முதல் 7.8, காரத்தன்மை (பிஹெச் சட்டென்று மாறாமல் தாங்கும் திறன்) 80 முதல் 120 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), குளோரின் 1 முதல் 3 பிபிஎம் இருக்க வேண்டும். ஒன்று கவனியுங்கள்: குளோரின் மிக அதிகமாக இருந்தால் டிபிடி நிறம் ஒரு கணம் சிவந்து உடனே வெளுத்துவிடும். குளோரினே இல்லை என்று ஏமாந்து இன்னும் கொட்டிவிடாதீர்கள்.

3. பிஹெச்: புதியவர்கள் தாண்டிப்போகும் படி இதுதான். பிஹெச் 7.5-இல் குளோரினில் ஏறத்தாழ பாதி வீரியமான வடிவத்தில் இருக்கும். 8-க்குப் போனால் கால்வாசிதான். இதைச் சரிசெய்யாமல் போடும் குளோரின் பாதி வீண். முதலில் காரத்தன்மையைச் சரிசெய்யுங்கள்: 60,000 லிட்டருக்கு ஒரு கிலோ சமையல் சோடா சுமார் 10 பிபிஎம் கூட்டும். பிறகும் பிஹெச் ஏறியிருந்தால் ஆசிட்டை (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பம்ப்பைச் சில மணி நேரம் ஓடவிட்டு மறுபடி பாருங்கள்.

4. குளோரின்: 1000 லிட்டருக்கு 1 கிராம் குளோரின் என்றால் 1 பிபிஎம். நம் குளத்தில் 2 பிபிஎம் கூட்ட 120 கிராம் வேண்டும். 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளில் அது சுமார் 185 கிராம். பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு தூள். தூளின் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. வெள்ளை வண்டல் அடியில் தங்கியதும், பம்ப் ஓடும்போது தெளிவை மட்டும் ஓரமாகச் சுற்றி ஊற்றுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு செய்யுங்கள். ஸ்டெபிலைசர் (வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கும் மருந்து) இல்லாத குளத்தில் வெயில் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதிக் குளோரினைத் தின்றுவிடும்.

கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஆசிட்டும் குளோரினும் கலந்தால் விஷவாயு வரும், ஒரே வாளி, ஒரே கரண்டி கூட வேண்டாம். கால்சியம் ஹைப்போவையும் ட்ரைகுளோர் மாத்திரையையும் (இன்னொரு வகைக் குளோரின் மருந்து) கலந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். இரண்டையும் தனித்தனியாக, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

காலையில் மறுபடி சோதியுங்கள். குளோரின் 3-க்கு மேல் இருந்தால் இறங்க வேண்டாம். ஆழப் பக்கத்து அடிவடிகால் மேலிருந்து தெளிவாகத் தெரியவில்லை என்றால், எண்கள் எவ்வளவு சரியாக இருந்தாலும் யாரையும் இறங்க விடாதீர்கள்.